பஸ் வந்தாச்சு, ஸ்பேனர் புடிக்கிற கை எங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நம்ம பத்திரிகைல சென்னை எலக்ட்ரிக் பஸ் பத்தி வந்த கட்டுரையை படிச்சேன். புகை இல்ல, சத்தம் இல்ல, தாழ்தளம், வீல்சேர்ல வர்றவங்க கூட ஏறலாம்னு எழுதியிருந்தீங்க, எல்லாம் உண்மைதான், நானும் ரெண்டு மூணு தடவை ஏறி போய் பாத்துட்டேன், முட்டி வலிக்காரன் எனக்கு அந்த ஒசரமான படியில தொங்காம ஏறினதே பெரிய விஷயம். ஆனா கட்டுரை பூரா பஸ்ஸுக்குள்ள உக்காந்து எழுதின மாதிரி இருந்துது. டெப்போவுக்குள்ள யாரும் எட்டிப் பாக்கல. 34 வருஷம் டீசல் பஸ்ஸுக்கு அடியில படுத்து வேலை பாத்தவன்ங்கிறதால எனக்கு அதுதான் உறுத்துது.

2025 ஜூன் 30ஆம் தேதி வியாசர்பாடில 120 பஸ் விட்டாங்க, செலவு 207.90 கோடின்னு பேப்பர்ல போட்டாங்க, வகுத்து பாத்தா ஒரு பஸ்ஸுக்கு ஒண்ணே முக்கா கோடி கிட்ட வருது. அடுத்து ஆகஸ்ட்ல பெரும்பாக்கத்துல 135. மொத்தம் 625 பஸ், உலக வங்கி உதவியோட. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா டீசல் டெப்போவையும் இதையும் ஒண்ணா நினைக்கக் கூடாது. எங்க காலத்துல வாரத்துக்கு சில தடவை டேங்கர் லாரி வரும், பூமிக்கு அடியில தொட்டில டீசல் ரொம்பும், ராத்திரி வர்ற பஸ் வரிசையா பங்க்ல நிக்கும், பத்து நிமிஷத்துல ஒண்ணு ரொம்பி போயிட்டே இருக்கும். ஊர் பூரா கரண்ட் போனாலும் காலைல நாலு மணி சிங்கிள், அதாவது மொத டிரிப், கெளம்பிடும். இப்போ என்ன கணக்குன்னா, இந்த சைஸ் பஸ் கிலோமீட்டருக்கு ஒரு யூனிட்டோ அதுக்கு கொஞ்சம் மேலயோ குடிக்கும், 200 கிலோமீட்டர் ஓடினா 200, 250 யூனிட். நம்ம வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம்னு குடுக்கிறாங்க இல்ல, அந்த மாதிரி ரெண்டு வீட்டு கணக்கை ஒரு பஸ் ஒரே நாள்ல முடிச்சிடும். 120 பஸ்ஸும் ராத்திரி ஆறு மணி நேரத்துக்குள்ள ஏறணும்னா நாலு அஞ்சு மெகாவாட் வேணும், சின்ன ஃபேக்டரி ஓட்டலாம். ராத்திரி ரெண்டு மணிக்கு டெப்போவுக்கு கரண்ட் கொண்டு வர்ற ஃபீடர் லைன் ட்ரிப் ஆச்சுன்னா காலைல எத்தனை சிங்கிள் கட் ஆகும்னு யோசிங்க.

இதுல இன்னொண்ணு. ஒரு தடவை சார்ஜ் ஏத்தினா 200 கிலோமீட்டர்னு சொல்றாங்க, அது காயிதத்துல. சித்திரை வெயில்ல ஏசி போட்டு, நூறு பேரை ஏத்திக்கிட்டு, மெட்ரோ வேலைக்காக பாதி ரோட்டை மறைச்சு வெச்சிருக்கிற எடத்துல முக்கா மணி நேரம் ஊர்ந்து போனா அந்த கணக்கு நிக்காது. அப்போ மதியம் ஒரு தடவை டெப்போவுக்கு வந்து சார்ஜ் போடணும், வர்ற தூரம் பூரா காலியா வரணும். என்னைக் கேட்டா அது நல்லதுக்குத்தான்னு சொல்வேன், ஏன்னா பதினோரு மணியிலேந்து மூணு மணி வரைக்கும் கூட்டம் கம்மி, நம்ம மாநிலத்துல சோலார் கரண்ட் பொங்குற நேரமும் அதேதான். ராத்திரில ஏத்துற கரண்ட் பெரும்பாலும் நிலக்கரிதான், வடசென்னைக்காரன் நான், பஸ்ல காணாம போன புகை அத்திப்பட்டு அனல் மின் நிலைய சிம்னில போறது எனக்குத் தெரியும். ஆனா மதியம் நிறுத்தி வெக்கணும்னா எக்ஸ்ட்ரா பஸ் வேணும், டைம் டேபிளையே திருப்பிப் போடணும். டீசல் பஸ் டைம் டேபிளை அப்படியே எடுத்து இதுக்கு மாட்டினா சரி வராது.

மழை பத்தி சொல்லாம விட்டா எப்படி. வியாசர்பாடி, பெரும்பாக்கம் ரெண்டுமே தண்ணி நிக்கிற ஊரு. 2015லயும் பாத்தோம், 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்பவும் பாத்தோம், கணேசபுரம் சப்வே சும்மா தூறினாலே ரொம்பிடும். பேட்டரிக்கு சீல் போட்டிருப்பாங்க, ஒத்துக்கிறேன். தரையில நிக்கிற சார்ஜருக்கும் ட்ரான்ஸ்ஃபார்மருக்கும் எத்தனை அடி மேடை கட்டியிருக்காங்கன்னு உங்க நிருபர் போய் டேப் வெச்சு அளந்துட்டு வந்து எழுதினா புண்ணியமா போகும்.

இப்போ நான் எழுத வந்த விஷயத்துக்கு வர்றேன். இந்த பஸ்ஸெல்லாம் எம்டிசி, அதாவது மாநகர் போக்குவரத்துக் கழகத்து பஸ்தான், ஆனா எம்டிசியோடது இல்ல. கான்ட்ராக்ட் எடுத்த தனியார் கம்பெனி பஸ், கம்பெனி டிரைவர், கம்பெனி மெக்கானிக், நம்ம கண்டக்டர். ஓடுற கிலோமீட்டருக்கு 77 ரூபா சொச்சம், ஏசின்னா 80 ரூபா சொச்சம் நம்ம எம்டிசி கார்ப்பரேஷன் குடுக்கணும், 12 வருஷ கான்ட்ராக்ட். யூனியன்காரங்க தனியார்மயம்னு கத்துறாங்க, நான் அந்த அளவுக்குப் போகல, ஒண்ணே முக்கா கோடி போட்டு நாமளே வாங்கி அஞ்சாறு வருஷத்துல பேட்டரி படுத்துடுச்சுன்னா யார் தலையில விடியும், அந்த ரிஸ்க்கை கம்பெனி எடுத்துக்கிறது ஒரு விதத்துல லாபம்தான். ஆனா 12 வருஷம் கழிச்சு கான்ட்ராக்ட் முடியும்போது இந்த பஸ்ஸை தொட்டுப் பாத்த ஒரு கையாவது கார்ப்பரேஷன்ல இருக்குமா?

டீசல் பஸ்ல இருக்கிறது 24 வோல்ட். செல்ஃப் எடுக்கலன்னா ஸ்க்ரூ டிரைவரை வெச்சு ஷார்ட் பண்ணி ஸ்டார்ட் பண்ணுவோம், ஸ்பார்க் தெறிக்கும், சிரிச்சுக்கிட்டே அடுத்த வண்டிக்கு போயிடுவோம். இதுல ஆரஞ்சு கலர் கேபிள்ல ஓடுறது 600 வோல்ட் கிட்ட. அந்தப் பழக்கத்துல ஒருத்தன் கை வெச்சான்னா ஆள் அங்கேயே காலி. டீசல் மெக்கானிக் ட்ரேட் படிச்சிட்டு வந்த பசங்களுக்கு இது வேற படிப்பு, மொதல்ல எதைத் தொடக்கூடாதுன்னு கத்துக்கணும், அப்புறம் ரப்பர் கையுறை, கரண்டை துண்டிக்கிற ஐசொலேட்டர், அதுக்கப்புறம்தான் ஸ்பேனர். கிளட்ச் பிளேட் மாத்துறதுல, பம்ப் காலிப்ரேஷன்ல கில்லாடியா இருந்தவங்க எத்தனையோ பேர் இன்னும் சர்வீஸ்ல இருக்காங்க, அவங்களை எந்த டெப்போவுக்கு மாத்தினாங்க, என்ன கத்துக் குடுத்தாங்க?

டிரைவர் கதையும் அதேதான். நாங்க இருந்தப்போ டெப்போ போர்டுல டிரைவர் வாரியா கே.எம்.பி.எல்., அதாவது லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்னு, எழுதிப் போடுவாங்க, கால் கனமா மிதிக்கிறவனை எல்லாரும் ஓட்டித் தள்ளுவாங்க. இந்த வண்டில கால் இன்னும் முக்கியம். ஆக்சிலேட்டரை விட்டாலே மோட்டார் ஜெனரேட்டராகி பேட்டரிக்கு கரண்டை திருப்பி அனுப்பும், முன்னாடியே பாத்து நிதானமா காலை எடுக்கிறவன் நாளுக்கு இருபது முப்பது கிலோமீட்டர் கூட ஓட்டலாம். பிக்கப்பும் டீசல் மாதிரி இழுத்துக்கிட்டு வராது, மிதிச்ச நிமிஷம் பாயும், சத்தமும் இல்லாததால குறுக்க நடக்கிறவங்களுக்கு பின்னாடி பஸ் வர்றதே தெரியாது. இருபது வருஷம் சென்னை ரோட்ல ஓட்டின நம்ம டிரைவர் அங்கே பழைய வண்டில உக்காந்திருக்கார், புது வண்டில கான்ட்ராக்ட் பையன்.

மிச்ச பஸ் வர்றதுக்குள்ள ஒண்ணாவது செய்யலாம். ஒவ்வொரு எலக்ட்ரிக் டெப்போலயும் கார்ப்பரேஷன் டெக்னீஷியன் பத்து பேரை கம்பெனி ஆளுங்களோட ஒரே ஷிஃப்ட்ல போடுங்க, சம்பளம் நம்மளோடது, வேலை அவங்களோடது, ரெண்டு வருஷம் பாக்கட்டும். கான்ட்ராக்ட்ல அதுக்கு எடம் இல்லன்னா அடுத்த டெண்டர்லயாவது எழுதுங்க.

கட்டுரை எழுதினவங்ககிட்ட ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை டெப்போவுக்கு போனா காலைல பத்து மணிக்கு போகாதீங்க, அப்போ பஸ் எல்லாம் ரோட்ல இருக்கும், கேட்ல செக்யூரிட்டிதான் இருப்பார். ராத்திரி ரெண்டு மணிக்கு போங்க. வெளில டீக்கடை திறந்திருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பஸ் மெக்கானிக்,
பெரம்பூர், சென்னை.