தண்ணீர் தீர்ந்தது யாருடைய தவறு?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடைத்தொகுதித் தீ பற்றித் தங்கள் பத்திரிகையில் வந்த செய்தியில், "தண்ணீர் தீர்ந்ததால் தீயணைப்புப் படையினர் கைகட்டி நின்றனர்" என்றொரு வரி இருந்தது. வன்னியின் நிலைமை நன்கு தெரிந்த தாங்கள் அதை அப்படியே அச்சேற விட்டது மனதை வருத்துகிறது.

தாங்கியில் 4,500 லீற்றர் இருக்கிறதென்று வையுங்கள். 45 மில்லிமீற்றர் குழாய்கள் இரண்டைத் திறந்து, ஒவ்வொன்றிலும் நிமிடத்துக்கு 350 லீற்றர் அடித்தால் ஆறரை நிமிடத்துக்குள் தாங்கி வெறுமையாகிவிடும். குழாய் பிடித்தவர் இதற்கு என்ன செய்வார்? வாகனம் நிலையத்தை விட்டு வெளிக்கிடும்போதே, தண்ணீர் ஏற்றிவரும் தாங்கி வண்டியான பவுசருக்குச் சொல்லியிருக்க வேண்டும். தீயணைப்பை நடத்தும் உள்ளூராட்சிச் சபையின் பவுசர் போதாதென்றால் எந்தக் கமக்காரரின் உழவு இயந்திரப் பவுசரைக் கேட்பது என்பதும் முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். இரண்டாவது தண்ணீர் வந்து சேரும்வரை ஒரு குழாயை மட்டும் திறந்து, அதையும் ஏற்கெனவே கூரை விழுந்த கடைக்கு வீணாக்காமல், சோளகக் காற்று தீயைத் தள்ளும் பக்கத்திலுள்ள அடுத்த கடையைக் காக்கப் பயன்படுத்த வேண்டும். இவையெல்லாம் கட்டளையிடுபவரின் வேலை. அந்த வேலைக்கு ஆளை யார் பயிற்றுவித்தார்கள் என்று செய்தி கேட்கவில்லை.

குளம் பக்கத்தில் இருந்ததே என்றும் எழுதியிருந்தீர்கள். ஆவணி மாதத்தில் நீர் அணைக்கட்டை விட்டு எவ்வளவு தூரம் விலகிவிடும் என்பது தாங்கள் அறியாததல்ல. பம்பி நடைமுறையில் ஏறத்தாழ 7 மீற்றர் உயரத்துக்கு மேல் தண்ணீரை உறிஞ்சாது. உறிஞ்சு குழாயின் ஒரு பூட்டு தளர்ந்தாலும் காற்று புகும். பம்பி இரையும், தண்ணீர் வராது. சல்லடை சேற்றில் பட்டால் அடைக்கும், மேலே மிதந்தால் காற்றை இழுக்கும். அதனால் அதைக் கூடைக்குள் இறக்கி, கயிற்றால் கட்டி, நீருக்குள் நிறுத்த வேண்டும். தீ எரியும் இரவில் ஒருவர் இதை முதல் தடவையாகச் செய்து பழக முடியாது. எந்தக் குளத்தில், எந்த மாதத்தில், எந்தப் பாதையால் வாகனம் நீர்க்கரைவரை இறங்கலாம் என்ற வரைபடம் ஒவ்வொரு நிலையச் சுவரிலும் தொங்க வேண்டும். அதற்கு ஒரு கடதாசியும் சில பகல்களும் போதும்.

2016 செப்டெம்பரில் கிளிநொச்சிப் பொதுச்சந்தை எரிந்தபோது நகரில் தீயணைப்பு நிலையமே இருக்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதியால் 60 கிலோமீற்றருக்கு மேல் ஓடி வாகனம் வர வேண்டியிருந்தது. அந்தச் சாம்பலுக்குப் பிறகு எல்லோரும் வாகனம் கேட்டோம். வாகனத்தின் முன் நின்று பணிசெய்விக்கப்போகிறவரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. இன்றும் பல சபைகளில் அமைய (தற்காலிக) ஊழியராக வந்தவர், வருடங்கள் போனதால் மட்டும் அணிப் பொறுப்பாளர் ஆகிறார். சாரதியே பம்பியையும் பார்க்கிறார், கட்டளையும் இடுகிறார். பணியில் முன்னேற எழுதும் வினைத்திறன் தடைதாண்டல் பரீட்சையில் நிதிப் பிரமாணம், தாபனக் கோவை என்ற அலுவலக விதிகளைக் கேட்டால் போதுமா? ஒரு கட்டடத்தின் நான்கு பக்கமும் சுற்றிப் பார்த்து, என்ன எரிகிறது, உள்ளே ஆள் உண்டா, எரிவாயு சிலிண்டர் எங்கே, மின்சாரம் துண்டிக்கப்பட்டதா என்று இரண்டு நிமிடத்தில் வானொலியில் சொல்லத் தெரியுமா என்பதையும் சோதிக்க வேண்டாமா?

கட்டளையிடுபவர் குழாயைப் பிடிக்கக் கூடாது. பிடித்த கணமே அவருக்கு அந்த ஒரு சுவர்தான் தெரியும். ஒருவரால் நேரடியாக நடத்தக்கூடியவர்கள் ஏறத்தாழ ஐந்து பேர். அதற்கு மேலானால் பிரித்து ஒப்படைக்க வேண்டும்.

புகைக்குள் போகிறவர் காற்று உருளையோடு அணியும் மூச்சுக்கருவி விடயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. 6 லீற்றர் உருளையில் 300 பார் அழுத்தம் என்றால் 1,800 லீற்றர் காற்று. நிமிடத்துக்கு 40 லீற்றர் வீதம் 45 நிமிடம் என்று பேச்சுக்குச் சொல்வார்கள். 55 பாரில் எச்சரிக்கை விசில் ஊதும்போது ஏறத்தாழ 37 நிமிடம்தான் போயிருக்கும். புகைக்குள் இழுத்துப் பறித்து வேலை செய்பவருக்கு அதுவும் கிடையாது. அவர் உள்ளே போன நேரத்தையும் அழுத்தத்தையும் பலகையில் எழுதி, வாசலில் நின்று கணக்குப் பார்க்க ஒருவர் வேண்டும். ஆள் பற்றாக்குறை என்று முதலில் கைவிடப்படுவது அந்த வாசல்காரர்தான். இது தீயணைக்கப் போகும் நம் பிள்ளைகளைக் கொல்லும் சிக்கனம்.

தீ அணைந்த மறுநாள் எல்லோரும் அமர்ந்து, என்ன நடந்தது, எங்கே தாமதித்தது என்று பேசி எழுதிவைக்கும் வழக்கமும் வர வேண்டும். அங்கே இளையவர் மூத்தவரின் முடிவைக் கேள்வி கேட்டால் தண்டனை இல்லை என்று செயலாளரும் தவிசாளரும் எழுத்தில் உறுதி தர வேண்டும். கொழும்பு போன்ற பெரிய நிலையங்களுக்கு ஆளை அனுப்பினால், திரும்பியவர் தன் அணிக்குத் தமிழில் கற்பிக்கும் நாட்களையும் கடமைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் சான்றிதழ் கோவைக்குள் போய்விடும்.

தங்களிடம் கேட்பது ஒன்றுதான். இனித் தீச்செய்தி போடும்போது, 110க்கு அழைப்பு வந்த நேரம், வாகனம் வெளிக்கிட்ட நேரம், சேர்ந்த நேரம், இரண்டாவது தண்ணீர் வந்த நேரம் ஆகிய நான்கையும் கேட்டு அச்சிடுங்கள். அங்கே கட்டளையிட்டவர் கடைசியாக எப்போது பயிற்சி பெற்றார் என்பதைச் சபையிடம் கேளுங்கள். பதில் தராவிட்டால், தரவில்லை என்று போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கிளிநொச்சி.