ஷூ நாடா

அன்புள்ள கண்ணு,

நானும் அம்மாவும் நலம். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ “சரிப்பா, விடுங்க” என்பாய், நானும் விட்டுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

போன மாதம் முழுக்க ‘கிங் ஆஃப் தி ஹில்’ கார்ட்டூன் தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 2025 ஆகஸ்டில் வந்த புது சீசனில் அந்த வீட்டுப் பையன் பாபிக்கு 21 வயது, டாலஸில் செஃப். மாவு பொம்மை மாதிரி இருந்த அந்தப் பையன் வளர்ந்து நிற்பதைப் பார்த்ததும் உன் ஞாபகம்தான் வந்தது. அப்புறம் பழையதைத் தேடிப் போனேன். அந்தத் தொடர் ஆரம்பித்தது 1997 ஜனவரியில், நீ பிறந்த வருடம். டெக்சஸில் நம் ரிச்சர்ட்சனையும் பக்கத்து கார்லண்டையும் மனதில் வைத்துத்தான் மைக் ஜட்ஜ் தொடரில் வரும் ஆர்லன் ஊரை உருவாக்கினார் என்று உனக்கு ஒருமுறை சொன்னேன், நினைவிருக்கிறதா? வேலியோரம் பீர் டப்பாவோடு நிற்கும் அந்த நாலு பேரைக் காட்டி, “அப்பா, இது நம்ம தெருவேதான்” என்றாய்.

முதல் சீசனிலேயே சிகரெட் எபிசோடு ஒன்று வரும். பாபி புகைத்து மாட்டிக்கொள்வான். அவன் அப்பா ஹேங்குக்குக் கோபம் தலைக்கேறி, ஒரு கார்ட்டன் முழுக்க அவனையே குடித்துத் தீர்க்கச் சொல்வார். கார்ட்டன் என்றால் பத்துப் பெட்டி, 200 சிகரெட். குமட்டிப்போய் ஜென்மத்துக்கும் தொடமாட்டான் என்பது அவர் கணக்கு. நடந்தது வேறு. பையனுக்குப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. எப்போதோ விட்டிருந்த ஹேங்குக்கும் அவர் மனைவி பெகிக்கும் பழைய ஆசை திரும்பியது. கடைசியில் அந்த வீட்டில் தங்கியிருக்கும் லுவான்தான் மூன்று பேரையும் அறைக்குள் போட்டுப் பூட்டுவாள்.

கார்ட்டூன் குடும்பத்துக்கும் சிகரெட்டுக்கும் உறவு ரொம்பப் பழையது. 1960ல் வந்த ‘ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்’ தொடருக்கு ஆரம்பத்தில் பணம் கொடுத்ததே வின்ஸ்டன் சிகரெட்தான். ஃபிரெடும் பார்னியும் அதைப் பற்றவைத்து விளம்பரம் செய்தார்கள். அமெரிக்க டிவியில் சிகரெட் விளம்பரம் நின்றது 1971ல். குழந்தைகள் பார்க்கும் பொம்மையின் வாயில் சிகரெட்டை வைக்க எப்படி மனசு வந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

சரி, நம் விஷயத்துக்கு வருகிறேன்.

2010ல் உனக்குப் பதின்மூன்று வயது. துவைக்கப் போட்ட உன் ஹூடியின் பையில் சிகரெட் பெட்டி கிடைத்தது. சமையலறையில் நிற்கவைத்து ஒரு மணி நேரம் கத்தினேன். “நம்ம குடும்பத்துல எவனும் இதைத் தொட்டதில்லை” என்றேன். அது பொய், கண்ணு.

கோயம்புத்தூரில் காலேஜ் படிக்கும்போது நான் ஆறு வருடம் குடித்தேன். ஹாஸ்டல் எதிரே ஒரு பெட்டிக்கடை இருந்தது. கம்பத்தில் ஒரு கயிறு தொங்கும், அதன் நுனியில் கங்கு கனன்றுகொண்டே இருக்கும். தீப்பெட்டி வேண்டாம், குனிந்து அதில் பற்றவைத்துக்கொள்ளலாம். ஆனால் முதல் சிகரெட்டை நான் அந்தக் கடையில் வாங்கவில்லை. மொட்டை மாடியில் ஒரு சீனியர் நீட்டினான். வேண்டாம் என்றவர்கள் விடியும்வரை அங்கேயே நிற்க வேண்டும். நான் வாங்கிக்கொண்டேன். இருமினேன், சிரித்தார்கள், மறுநாளிலிருந்து என்னை விட்டுவிட்டார்கள். தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்ததே 1997ல்தான், எங்கள் காலத்தில் போய்ச் சொல்ல ஆளில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. உன் பெட்டியில் ஏழு சிகரெட் இருந்தன. ஆறைத்தான் குப்பையில் போட்டேன். நீங்கள் தூங்கியபிறகு கராஜில் உட்கார்ந்து, ஏழாவதைக் கடைசிவரை குடித்தேன். விட்டுப் பதினெட்டு வருடம் ஆகியிருந்தது. அம்மாவுக்கே போன வாரம்தான் சொன்னேன்.

அப்போதுதான் அம்மா ஷூ நாடா விஷயத்தைச் சொன்னாள்.

அந்த வருடம் வாரத்துக்கு ஒரு முறையாவது நாடா இல்லாத ஷூவோடு வீட்டுக்கு வருவாய். தொலைந்துபோச்சு என்பாய். ஷூ நாடா எப்படித் தொலையும் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. “கவனமே இல்லை” என்று திட்டியதோடு சரி. அம்மா வால்மார்ட்டில் மொத்தமாக வாங்கி வைத்துவிட்டாள். ஜிம் வகுப்பில் நாலு பேர் உன் ஷூவிலிருந்து அதை உருவி எடுத்துவிடுவார்கள் என்பதைப் போன தீபாவளிக்குத்தான் நீ அவளிடம் போனில் சொன்னாயாம். வசந்தம் வந்ததும் நாடா தொலைவது நின்றது. உன் சட்டையில் புகை நாற்றம் வந்ததும் அப்போதுதான். அவர்களோடு மைதானத்துக்குப் பின்னால் நின்று நீயும் ஒன்று பற்றவைத்தால் ஷூவை விட்டுவிடுவார்கள். நாற்றம் என் மூக்கில் ஏறியது, நாடா என் கண்ணில் படவில்லை. அதே மொட்டை மாடியில் நின்றவன் நான். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நீ சொல்லப் பார்த்தாய், அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு ராத்திரி நாம் சோபாவில் உட்கார்ந்து, பாபி அடி வாங்கும் எபிசோடைப் பார்த்தோம். ஹேங்க் குத்துச்சண்டை கற்றுக்கொள் என்பார். அந்த வகுப்பில் இடமிருக்காது. அவன் பெண்களுக்கான தற்காப்பு வகுப்பில் சேர்ந்து, எதிரே வருகிறவர்களையெல்லாம் படாத இடத்தில் உதைப்பான், கடைசியில் ஹேங்கையும் சேர்த்து. நான் வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தேன். “அப்பா, நிஜத்துல ஒருத்தன் அப்படி உதைச்சா அப்புறம் என்ன ஆகும்?” என்று கேட்டாய். “உதைச்சுட்டு ஓடிவந்துடு” என்று சொல்லி மறுபடி டிவி பக்கம் திரும்பிவிட்டேன். நீ கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு உன் அறைக்குப் போனாய். இப்போது அதே எபிசோடைத் தனியாகப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.

நீ கல்லூரிக்குப் போகும் முன்பே சிகரெட்டை விட்டுவிட்டாய் என்று அம்மா சொன்னாள். அதில் என் கத்தலுக்கு ஒரு பங்கும் இல்லை என்று எனக்குத் தெரியும். அந்த வயது மூளையை நிக்கோட்டின் எவ்வளவு கெட்டியாகப் பிடிக்கும் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். டெக்சஸிலும் 2019லிருந்து 21 வயது ஆகாமல் சிகரெட் வாங்க முடியாது. நீ அதைத் தனியாக, யாரிடமும் சொல்லாமல் விட்டிருக்கிறாய். எத்தனை ராத்திரி கஷ்டப்பட்டாயோ.

உன் அலமாரியின் கீழ்த்தட்டில் பிரிக்காத நாடாப் பாக்கெட் இன்னும் இரண்டு இருக்கிறது. அம்மா எடுத்துப் போடவில்லை, நானும் போடவில்லை. தேங்க்ஸ்கிவிங்குக்கு வரும்போது முதலிலிருந்து சொல். எந்த மாதம் ஆரம்பித்தது, யார் யார், நாடா இல்லாத ஷூவோடு பஸ் வரைக்கும் எப்படி நடந்தாய், எல்லாம். டிவியை அணைத்துவிட்டு உட்காருகிறேன்.

அன்புடன்,
அப்பா