ரேசிங் லகூனை முடிக்க உதவிய எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம்.

போன ஞாயிறு இரவு ஒன்றரை மணி வாக்கில் 'ரேசிங் லகூன்' என்ற வீடியோ விளையாட்டை ஒருவழியாக முடித்தேன். அந்த டிஸ்க்கை முதலில் போட்டது 2007-இல். இத்தனை வருடம் இழுத்த ஒரு காரியம் நான் மட்டும் முயன்று முடிந்ததில்லை, அதனால்தான் இந்த மடல்.

பலருக்கு இந்தப் பெயரே புதிதாக இருக்கும். ஃபைனல் ஃபேன்டஸி வரிசையை எடுத்த அதே ஸ்கொயர் நிறுவனம், அந்த வரிசையின் எட்டாவது விளையாட்டு வெளிவந்த அதே 1999-இல், ஜூன் மாதம், முதல் பிளேஸ்டேஷனுக்குக் கொண்டுவந்த விளையாட்டு இது. ஜப்பானைத் தாண்டி வெளியே எங்கும் வரவில்லை. தங்கள் விளையாட்டின் வகையை அவர்களே 'ஹை ஸ்பீட் டிரைவிங் ஆர்பிஜி' என்று சொல்லிக்கொண்டார்கள். ஆர்பிஜி என்றால் கதையில் ஒரு பாத்திரமாகவே மாறி விளையாடும் வகை. யோகோஹாமா நகரத்தின் இரவுத் தெருக்களில் காரை ஓட்டிக்கொண்டே திரிய வேண்டும், எதிரே வரும் காரோடு பந்தயம் மூளும், ஜெயித்தால் தோற்றவன் காரிலிருந்து ஒரு பாகத்தை நாம் கழற்றிக்கொள்ளலாம். மற்ற ஆர்பிஜிக்களில் அரக்கனை அடித்து வாளும் கவசமும் சேர்ப்போமே, இங்கே அதற்குப் பதில் இன்ஜின். ஷோ அகாசாகி என்ற இளைஞன், பே லகூன் ரேசிங் என்ற அவனுடைய குழு, பத்து வருடத்துக்கு முன் ஓர் இரவில் நடந்த ஏதோ ஒன்று, கதை இவற்றைச் சுற்றித்தான் ஓடுகிறது.

காரோட்டும் விதம் அவ்வளவு பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். வளைவுகளில் கார் வழுக்கும், பந்தயங்களும் சட்டென்று முடிந்துவிடும். இந்த விளையாட்டின் உயிர் அதன் மொழியில் இருக்கிறது. ஷோ மனசுக்குள் பேசிக்கொள்வதெல்லாம் வரி உடைத்து எழுதிய கவிதை மாதிரி இருக்கும், நடுநடுவே ஆங்கிலச் சொற்கள் வந்து விழும். ஜப்பானிய ரசிகர்கள் இதற்கு 'லகூன்-கோ', அதாவது லகூன் மொழி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அந்த மொழி புரியாமல் இதை விளையாடுவது சத்தத்தை அணைத்துவிட்டுக் கச்சேரி பார்ப்பது மாதிரி. நான் முதல் ஒன்றரை மாதம் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் நன்றி, இசெசாகிச்சோ கடைத்தெருவை ஒட்டிய சந்தில் பழைய விளையாட்டு டிஸ்க்குகள் விற்றுக்கொண்டிருந்த பெரியவருக்கு. அப்போது நான் யோகோஹாமாவில் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்கூட ஆகியிருக்கவில்லை, ஜப்பானிய எழுத்துகளில் எளிய ஹிராகானாவைத் தட்டுத்தடுமாறிப் படிப்பேன், சீன எழுத்துகளான கான்ஜி சுத்தமாகத் தெரியாது. கார் படம் போட்ட டிஸ்க் ஏதாவது வேண்டும் என்று கையால் ஸ்டீயரிங் பிடித்துக் காட்டினேன். நான் எதிர்பார்த்த பெரிய பெயர்களை எடுக்காமல் இதை எடுத்துக் கையில் வைத்தார், வைத்துவிட்டுக் கடைவாசலுக்கு வெளியே தெருவைச் சுட்டிக்காட்டினார். இந்த ஊர்க் கதை என்று சொல்கிறார் என்பது எனக்குப் பிடிபடவே இரண்டு நாள் ஆனது. 380 யென். அந்தக் கடை இப்போது இல்லை. ஐயா, எங்கிருந்தாலும் நன்றாக இருங்கள்.

அப்புறம் என் சென்பாய், மூத்தவரை ஜப்பானில் அப்படித்தான் சொல்வார்கள். அலுவலகத்தில் எனக்கு எட்டு வருடம் மூத்தவர், பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சென்பாய் என்றே எழுதுகிறேன். நான் இந்த விளையாட்டில் மாட்டிக்கொண்டு விழிப்பதைச் சாப்பாட்டு நேரத்தில் ஒருநாள் சொன்னேன், அந்த வெள்ளிக்கிழமையே இரண்டு பெட்டி பென்டோ, அதாவது பெட்டிச் சாப்பாடு, வாங்கிக்கொண்டு என் அறைக்கு வந்துவிட்டார். அதற்குப் பிறகு ஐந்து மாதம், அநேகமாக எல்லா வெள்ளிக்கிழமையும் வந்தார். அவர் மொழிபெயர்த்தார் என்று நினைக்காதீர்கள், அவர் செய்தது வேறு. ஒவ்வொரு வரியையும் முதலில் ஜப்பானிய மொழியில் வாய்விட்டு வாசிப்பார். ஒரு நிமிஷம் விடுவார். பிறகு அதில் எந்தச் சொல் கனமானது, எது சும்மா அலங்காரம், எதை அந்த வயசுப் பையன் வெட்கப்பட்டுக்கொண்டே சொல்வான் என்பதை எளிய ஜப்பானியத்திலும் உடைந்த ஆங்கிலத்திலும் விளக்குவார். நான் ஜப்பானிய மொழியைக் காதால் கற்றது அங்கேதான், வகுப்பில் இல்லை.

ஓர் இரவு அவர் சொன்ன விஷயம் இன்னும் மனசில் நிற்கிறது. விளையாட்டு வந்தது 1999. அதிலிருந்து பத்து வருடம் பின்னால் போனால் 1989. யோகோஹாமா பே பிரிட்ஜ் திறந்தது அந்த வருடம், டோக்கியோ பங்குச் சந்தை உச்சத்தைத் தொட்டதும் அந்த வருடக் கடைசியில்தான், அதன் பிறகு எல்லாம் சரிந்தது. "பத்து வருஷத்துக்கு முந்தின இரவுன்னு திரும்பத் திரும்பச் சொல்றாங்களே, 99-ல கல்லூரி முடிச்சு வேலை கிடைக்காம இருந்த எங்களுக்கு அது வெறும் கார் கதை இல்லை" என்றார். எழுதியவர்கள் அதை நினைத்துத்தான் எழுதினார்களா என்பது வேறு விஷயம், ஆனால் அதைக் கேட்ட பிறகு ஷோ அந்த இரவைப் பற்றிப் பேசும் ஒவ்வொரு இடமும் எனக்கு வேறு மாதிரி கேட்டது.

கதை முக்கால்வாசி தாண்டியபோது என் வேலை டோக்கியோவுக்கு மாறியது. வீடு மாற்றும்போது, அதுவரை விளையாடியதையெல்லாம் சேமித்து வைத்திருந்த மெமரி கார்டு இருந்த சின்னப் பை தொலைந்தது, நான் ஒப்படைத்த சாமான்களில் அது மட்டும் வந்து சேரவில்லை. கேட்டுப் பார்த்தும் பதில் இல்லை. சென்பாயிடம் சொல்ல மனசு வராமல் டிஸ்க்கை எடுத்து அலமாரியில் வைத்தேன். அது அங்கேயே கிடந்தது.

2021 நவம்பரில் என் தம்பி வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினான்: ஹில்டாப் என்ற புனைபெயரில் இயங்குகிறவர் இந்த விளையாட்டை முழுக்க ஆங்கிலத்தில் கொண்டுவந்துவிட்டார், 22 வருடம் கழித்து. தம்பி, நான் எப்போதோ ஒருமுறை சொன்னதை ஞாபகம் வைத்திருந்தாயே, அதற்கு உனக்கு நன்றி. ஹில்டாப்புக்கும் அவருக்குத் துணை நின்றவர்களுக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஜப்பானிய எழுத்து கொஞ்ச இடத்தில் நிறையச் சொல்லிவிடும், ஆங்கிலம் இடம் கேட்கும், முதல் பிளேஸ்டேஷன் காலத்து உரைப்பெட்டியோ தம்மாத்தூண்டு. அதற்குள் அர்த்தத்தை மட்டும் திணித்துவிட்டுப் போயிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் அந்த வரி உடைப்புகளையும், கொஞ்சம் மிகையான அந்த உணர்ச்சியையும் கூச்சப்பட்டு மழுப்பாமல் அப்படியே வைத்திருக்கிறார்கள். காசு வராத வேலையை இவ்வளவு அக்கறையாகச் செய்திருக்கிறார்கள்.

ஆங்கிலத்தில் வந்த பிறகும் நான் உடனே உட்காரவில்லை. எனக்கு இரண்டும் வேண்டியிருந்தது, என் டிஸ்க்கில் இருக்கும் ஜப்பானியம் டிவியில், ஹில்டாப்பின் ஆங்கிலப் பேட்ச், அதாவது விளையாட்டின் எழுத்தை மாற்றும் கோப்பு, போட்ட பிரதி லேப்டாப்பில், பக்கத்தில் பக்கத்தில். என் பழைய பிளேஸ்டேஷன் 2 டிவிடியைப் படிக்கும், சிடியைத் தொடவே தொடாது. டோக்கியோவின் நிஷி-கசாயில் எங்கள் மாடியிலேயே குடியிருக்கும் திருநெல்வேலி அண்ணன் ஒரு சனிக்கிழமை முழுக்க அதைப் பிரித்துப் போட்டு, லென்ஸைத் துடைத்து, பிறகு லென்ஸ் இருக்கும் அந்தத் தொகுதியையே மாற்றி, கறுப்பு அடிப்பகுதி கொண்ட அந்த டிஸ்க் சுழன்று படம் வரும் வரை எழுந்திருக்கவில்லை. அண்ணே, மதினி மூன்று தடவை சாப்பிடக் கூப்பிட்டது எனக்கும் கேட்டது. மன்னித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அப்படி இரண்டு திரையை வைத்துக்கொண்டு எட்டு வாரம் விளையாடினேன். சென்பாய் அன்றைக்குக் கனமான சொல் என்று காட்டிய இடங்களில் லேப்டாப் ஆங்கிலமும் நின்று நிதானிப்பதைப் பார்க்கப் பார்க்க, ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர் எனக்காகப் பேசி வைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. கூடவே நொரிகோ மட்ஸுஎதா, தகாஹிதோ எகுச்சி இவர்களின் இசை. பின்னாளில் ஃபைனல் ஃபேன்டஸி 10-2-க்கு இசையமைத்தவர்கள் இவர்கள்தான். இரவில் சும்மா சுற்றும்போது ஓடும் இசைக்காகவே பல தடவை பந்தயத்துக்குப் போகாமல் தெருத்தெருவாகத் திரிந்திருக்கிறேன்.

முடித்த மறுநாள் சென்பாய்க்கு போன் செய்து, மெமரி கார்டு தொலைந்த கதையையும் சேர்த்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அடுத்த சனிக்கிழமை இரவு காரை எடுத்துக்கொண்டு வந்தார். ஹோன்மொகுவுக்குப் போனோம். இன்றுவரை பயணிகள் ரயில் நிலையம் இல்லாத பகுதி அது, 1982 வரை அமெரிக்கப் படையினரின் குடியிருப்பு இருந்த இடம், அங்கே கார் மீது ஏன் அவ்வளவு பித்து என்று நின்று பார்த்தால்தான் தெரிகிறது. அங்கிருந்து மோட்டோமாச்சி, யமாஷிதா பூங்கா, பிறகு பே பிரிட்ஜ். பாலத்தில் ஏறியதும் அவர் ஷோவின் வரி ஒன்றை மனப்பாடமாகச் சொன்னார். பழைய அறையில் வாசித்த அதே குரல்.

சென்பாய்க்குத் தமிழ் தெரியாது. வரும் வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வருகிறார், இந்த முறை பென்டோ நான் வாங்கி வைக்கிறேன். இந்த மடலை ஒவ்வொரு வரியாக முதலில் தமிழில் வாய்விட்டு வாசித்து, ஒரு நிமிஷம் விட்டு, பிறகு அவருக்குச் சொல்லப்போகிறேன்.