பொதுவான மைதானம் யாருக்குப் பொது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகள் பற்றிய தங்கள் கட்டுரையில், ஆண்கள் ஐஸ் ஹாக்கியின் தேசியப் போட்டி பொதுவான மைதானங்களில் நடப்பதால் எந்த அணிக்கும் தனிச் சலுகை இல்லை என்று எழுதியிருந்தீர்கள். நான் மெய்ன் மாநிலத்தின் பாங்கர் நகரில் பன்னிரண்டு வருடங்களாக இருக்கிறேன். மெய்ன் பல்கலைக்கழகம் பக்கத்து ஊரான ஓரோனோவில்தான் இருக்கிறது. என் மகள் அங்கே படிக்கிறாள், ஹாக்கி ஆட்டங்களில் வாசிக்கும் பேண்டு குழுவிலும் இருக்கிறாள். இங்கிருந்து பார்த்தால் விஷயம் வேறு மாதிரி தெரிகிறது.

2025 மார்ச்சில் நடந்ததைச் சொல்கிறேன். மெய்ன் அணி 2004க்குப் பிறகு முதல்முறையாக, எங்கள் பக்கத்துக் கல்லூரிகளின் லீக்கான ஹாக்கி ஈஸ்டின் கோப்பையை வென்றிருந்தது. தேசியப் போட்டிக்கு வரும் பதினாறு அணிகளை நான்கு மண்டலங்களாகப் பிரிப்பார்கள். தன் மண்டலத்தில் மெய்னுக்குத் தரவரிசையில் முதலிடம், பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகமான பென் ஸ்டேட்டுக்கு நான்காவது இடம். இரண்டும் மோதிய இடம் பென்சில்வேனியாவில் உள்ள ஆலன்டவுன். எங்களுக்கு அது காரில் ஒன்பது மணி நேரப் பயணம். பென் ஸ்டேட் மாணவர்களுக்கு மூன்று மணி நேரம்கூட ஆகாது. அந்த மண்டலப் போட்டியை ஏற்று நடத்தியதும் பென் ஸ்டேட்தான். நடத்துகிற கல்லூரி தகுதி பெற்றுவிட்டால், தரவரிசை எதுவானாலும் அது தான் நடத்தும் ஊரிலேயே ஆடும் என்பது விதி. மெய்ன் 5-1 என்று தோற்றது. பென் ஸ்டேட் பையன்கள் நன்றாகவே ஆடினார்கள். அடுத்த ஆட்டத்தில் கனெக்டிகட்டையும் கூடுதல் நேரத்தில் வென்று, முதல்முறையாக அரையிறுதிக்கு வந்தார்கள். அவர்கள் உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதைப் பொதுவான மைதானம் என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்று, எந்த அணி எங்கே ஆடும் என்ற பட்டியல் ஞாயிற்றுக்கிழமைதான் வெளிவரும். எங்கள் ஆட்டம் அடுத்த வெள்ளிக்கிழமை. அந்த ஐந்து நாளில் வேலைக்கு லீவு சொல்லி, ஓட்டல் அறை தேடி, வகுப்புகளை விட்டுவிட்டுக் கிளம்ப எத்தனை மாணவர்களால் முடியும்? ஒரு தோல்வி வந்தால் அன்றே எல்லாம் முடிந்துவிடும் என்றும் தெரியும். என் மகளின் தோழிகள் விடுதியில் ஒரே டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்தார்கள். நாங்களும் வீட்டில்தான் பார்த்தோம்.

ஓரோனோவின் ஆல்ஃபண்ட் அரங்கு 1977இல் கட்டியது. சுமார் ஐந்தாயிரம் பேர்தான் கொள்ளும். டிசம்பர் குளிரில் வெளியே வரிசை நிற்கும். மாணவர்கள் ஆட்டம் முழுக்க உட்காரவே மாட்டார்கள். பேண்டு சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. அக்டோபரிலிருந்து மார்ச் வரை ஆடி முன்வரிசைக்கு வந்த ஒரு அணிக்கு, இந்த மக்கள் முன்னால் ஒரு ஆட்டம் ஆடும் உரிமை கிடைக்கக் கூடாதா? 1980களில் கால் இறுதி ஆட்டங்கள் கல்லூரி வளாகங்களில்தான் நடந்தன. பெண்கள் தேசியப் போட்டியில் இன்றும் கால் இறுதி, தரவரிசையில் மேலே இருக்கும் அணியின் வளாகத்தில்தான். பெண்களுக்குச் சரியாக இருப்பது ஆண்களுக்கு ஏன் ஆகாது?

பெரிய அணிகளின் வளாகத்தில் ஆடினால் ஜெயிக்கவே முடியாது என்ற சின்னக் கல்லூரிகளின் பயம் எனக்குப் புரிகிறது. 2024 டிசம்பரில் கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பாலின் பன்னிரண்டு அணிப் போட்டியில் முதல் சுற்றை வளாகங்களில் வைத்தார்கள். நான்கு ஆட்டங்களிலும் சொந்த மைதானத்து அணிகளே வென்றன. ஹாக்கியிலும் அப்படி ஆகிவிடும் என்பவர்கள், 2006இல் சின்னக் கல்லூரியான ஹோலி கிராஸ், பெரிய அணியான மினசோட்டாவைப் பொதுவான மைதானத்தில் கூடுதல் நேரத்தில் 4-3 என்று வீழ்த்தியதைச் சொல்வார்கள். அழகான வெற்றிதான். ஆனால் அது நடந்தது கிராண்ட் ஃபோர்க்ஸில், வடக்கு டகோட்டா பல்கலைக்கழகத்தின் சொந்த அரங்கில். மினசோட்டாவின் பரம எதிரிகளின் ஊர் அது. அந்தக் கூட்டம் ஹோலி கிராஸ் பக்கம்தான் நின்றது. அங்கேயும் மைதானம் பொதுவாக இல்லை. மேலும், கோல்கீப்பருக்கு ஒரு நல்ல இரவு அமைந்தால் ஹாக்கியில் எந்த ஊரிலும் யாரும் ஜெயிக்கலாம்.

அரையிறுதி, இறுதி ஆட்டங்கள் பொதுவான ஊரிலேயே இருக்கட்டும். அந்த இடம் சில வருடங்களுக்கு முன்பே தெரிந்துவிடும், 2026க்கு லாஸ் வேகாஸ் என்று எப்போதோ சொல்லிவிட்டார்கள். சேர்த்து வைத்துப் போகிறவர்கள் போவார்கள். நான் கேட்பது முதல் சுற்றை மட்டும்தான். அதை முதல் எட்டு அணிகளின் வளாகங்களில் வைக்கட்டும்.

இதைப் பற்றித் தங்கள் இதழில் இன்னொரு கட்டுரை வந்தால், மிச்சிகன், மினசோட்டா, மாசசூசெட்ஸ் பக்கம் இருக்கும் தமிழ்ப் பெற்றோர்களையும் மாணவர்களையும் கேட்டு எழுதுங்கள். பேண்டு குழுவில் இருக்கும் பிள்ளைகளையும் மறக்காமல் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாங்கர், மெய்ன்