வடசேரிச் சந்தையில் என் அம்மாவைத் தாங்கியவர்களுக்கு

நாகர்கோவில், வடசேரி கனகமூலம் சந்தையின் வியாபாரிகளுக்கும் சுமட்டுத் தொழிலாளர்களுக்கும் வணக்கம்.

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, வாழைக்குலைக் கடைகளுக்கு முன்னால் மயங்கிச் சரிந்த, திருச்சி மாவட்டம் தொட்டியத்திலிருந்து வந்த அம்மாவை நினைவிருக்கிறதா? அவருடைய மகள் எழுதுகிறேன். அம்மா நலமாக இருக்கிறார். அன்று நீங்கள் அத்தனை பேரும் மாறி மாறிக் கேட்டது அதைத்தான் என்பதால் முதலில் சொல்லிவிடுகிறேன்.

எந்த ஊருக்குப் போனாலும் அம்மாவுக்குச் சந்தையைப் பார்த்தாக வேண்டும். அன்று விடியும் முன்பே தோவாளை மலர்ச் சந்தைக்குப் போய்விட்டோம். பிச்சியும் அரளியும் சம்பங்கியும் மூட்டை மூட்டையாகக் கேரளத்துக்கு ஏறிக்கொண்டிருந்தன. 2025இல் புவிசார் குறியீடு பெற்ற மாணிக்கமாலையை ஒரு பெரியவர் கட்டிக்கொண்டிருந்தார். வெள்ளரளியையும் செவ்வரளியையும் நொச்சி இலையையும் மடித்து மடித்து, பாய் முடைவதுபோல் பட்டையாகக் கட்டுகிறார். கோயிலுக்குப் போகவேண்டிய வேலை அவசரமாக இருந்தும், ஒரு வரிசையைப் பிரித்து மறுபடி கட்டிக் காட்டினார். ஐயா, உங்கள் பொறுமைக்கு நன்றி. அம்மா அங்கிருந்து எழ மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார். சர்க்கரை நோய் மாத்திரையைப் போட்டிருந்தார்; சாப்பிட்டிருக்கவில்லை. நான் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

வடசேரிக்கு வந்தபோது மணி ஒன்பது. அம்மா வாழை விவசாயி வீட்டுப் பெண். மட்டி, ஏத்தன், செந்துளுவன் என்று ஒவ்வொரு குலையாகப் பெயர் கேட்டுக்கொண்டே வந்தவர், ஒரு குலையைத் தடவிப் பார்த்து, "இது எங்கள் ஊர்ப் பூவன் அல்லவா!" என்றார். "இங்கே இது பாளையங்கொட்டான்" என்றார் கடைக்காரப் பாட்டி. அம்மா சிரித்தார். சிரித்தபடியே அவர் முகம் வெளுத்ததையும், உடல் வியர்த்ததையும், கால்கள் மடங்கியதையும் இப்போது நினைத்தாலும் எனக்குக் கை நடுங்குகிறது.

குலை சுமந்து வந்த ஒரு தொழிலாளி சுமையை அப்படியே இறக்கிவிட்டு ஓடிவந்தார். சும்மாட்டுத் துண்டை உதறி மடித்து அம்மாவின் தலைக்கு வைத்தார். "சர்க்கரை உண்டா? காலையில் சாப்பிட்டார்களா?" என்று அவர் கேட்ட பிறகுதான் எனக்கு விஷயமே புரிந்தது. அவருடைய அப்பாவுக்கும் இதே நோயாம். தேநீர்க் கடைத் தம்பி சீனி கரைத்த தண்ணீருடன் வந்தார். அம்மாவுக்கு நினைவு முழுதாகத் தப்பவில்லை. "மக்களே, கொஞ்சம் குடி மக்களே" என்று பாட்டி மடக்கு மடக்காகக் குடிக்க வைத்தார். எங்கள் பக்கத்தில் பலரைச் சேர்த்துத்தான் மக்களே என்போம். அறுபத்தேழு வயதில் ஒருத்தியாக அந்தச் சொல்லைக் கேட்ட அம்மா, வீட்டுக்கு வந்த பிறகும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கண் தெளிந்ததும் பாட்டி மட்டிப் பழத்தை உரித்துக் கொடுத்தார். உங்கள் மாவட்டத்தில் குழந்தைகளுக்கு மசித்து ஊட்டும் பழம்; 2023இல் புவிசார் குறியீடும் பெற்றது. கூட்டத்தை விலக்கிக் காற்றுவர நின்றவர்கள், அட்டையால் விசிறிய கீரைக்கார அக்கா, எங்கள் பைகளைக் காவல் காத்த காய்கறிக் கடை அண்ணாச்சி எல்லோரும் வியாபார நேரத்தை எங்களுக்காக விட்டீர்கள். காலைச் சந்தையில் அரைமணி நேரம் எவ்வளவு பெரியது என்பது விவசாயி வீட்டில் பிறந்த அம்மாவுக்குத் தெரியும்.

மருத்துவமனைக்கு அழைத்துப்போன ஆட்டோ ஓட்டுநர், மருத்துவர் பார்த்து முடிக்கும்வரை வாசலிலேயே நின்றார். காத்திருந்ததற்குப் பணம் வாங்க மறுத்துவிட்டார்.

மறுநாள் பழத்துக்கான பணத்தோடு திரும்பி வந்தோம். பாட்டி வாங்கவில்லை. வழிக்கு என்று ஒரு சீப்பு மட்டியை அம்மாவின் மடியில் வைத்தார். துண்டுக்காரரைத் தேடினோம், அன்று அவர் வேலைக்கு வரவில்லை என்றார்கள்.

அண்ணா, உங்கள் துண்டு எங்களிடம்தான் இருக்கிறது. அம்மாவே துவைத்து மடித்து வைத்திருக்கிறார். தபாலில் அனுப்பலாம் என்றேன், சம்மதிக்கவில்லை. தைப் பொங்கல் கழிந்ததும் எங்கள் தோட்டத்துப் பூவன் தாரோடு அவரே கொண்டுவந்து தருவாராம்.

அன்புடன்,
தொட்டியத்து அம்மாவின் மகள்