24 எம்பி 'வரைக்கும்' வித்த டெலிபோன் கம்பெனிக்கு ஒரு திறந்த மடல்

எங்க ஏரியா எக்ஸ்சேஞ்ச் அதிகாரிங்களுக்கும், பிளான் விக்க போன் பண்றவங்களுக்கும், கஸ்டமர் கேர்ல உக்காந்திருக்கறவங்களுக்கும், வணக்கம்.

நான் பெங்களூர்ல மர்பி டவுன் பக்கம் ஒரு சந்துல இருக்கேன், வீட்ல லேண்ட்லைன் இருக்கறது அப்பா காலத்துலேர்ந்து, இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்டர்நெட்டும் அந்த கம்பிலதான் வருது. கம்பெனி பேர் போடல. போட்டா நான் சொல்ல வந்தத விட்டுட்டு எந்த கம்பெனி ஒசத்தின்னு சண்டை ஆரம்பிச்சிடும். படிச்சா உங்களுக்கே தெரியும், இது நாமதான்னு.

போன ஆடி மாசம் உங்க ஆபீஸ்லேர்ந்து ஒரு பொண்ணு போன் பண்ணுச்சு. சார் நீங்க இன்னும் 8 எம்பி இன்டர்நெட் பிளான்லயே இருக்கீங்க, 24 எம்பிக்கு மாறிக்கோங்க, மாசம் 250 ரூபாதான் கூட வரும், மோடம்கூட அதேதான்னு சொல்லுச்சு. எங்க வீட்டு லைன் தாங்குமாம்மான்னு கேட்டேன். "சிஸ்டம்ல எலிஜிபிள்னு காட்டுது சார்"ன்னு பதில். அந்த பொண்ண குத்தம் சொல்லல, ஸ்க்ரீன்ல என்ன வருதோ அதத்தான் படிக்க முடியும். ஆனா அந்த எலிஜிபிளுக்கு பின்னாடி யாராவது ஒருத்தர் என் லைன்ல மீட்டர் வச்சு பாத்தாங்களா? இல்ல, பின்கோடு அடிச்சதும் வந்துச்சா?

மறுநாளே மாத்திட்டீங்க, அந்த சுறுசுறுப்ப பாராட்டணும். பகல்ல 11 எம்பி வந்துச்சு. சரி, 24 இல்லன்னாலும் 8-க்கு இது பரவால்லன்னு நெனச்சேன். சாயங்காலம் 7 மணி ஆச்சு, மோடம்ல லைன் இருக்கான்னு காட்டற டிஎஸ்எல் லைட் கண் சிமிட்ட ஆரம்பிச்சுது, அணைஞ்சுது, திரும்ப சிமிட்டுச்சு, நின்னு எரிஞ்சுது, பத்து நிமிஷம் கழிச்சு திரும்ப மொதல்லேர்ந்து. என் வீட்டுக்காரிக்கு அமெரிக்கா டீமோட மீட்டிங் ராத்திரி எட்டரைக்கு, அவ பேசிட்டு இருக்கும்போதே மூஞ்சி அப்படியே உறைஞ்சு நிக்கும், கடைசில செல்போன் டேட்டாவ போட்டு ஓட்டுவா. 8 எம்பில வருஷக்கணக்கா ஒரு தொந்தரவும் இல்லாம ஓடின லைன் இது, கூட காசு குடுத்து அதையும் கெடுத்துக்கிட்ட கதை.

கஸ்டமர் கேருக்கு பதினோரு தடவ கூப்பிட்டேன். பதினோரு தடவையும் "மோடம ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்". அந்த வெயிட்டிங் மியூசிக் இப்ப தூக்கத்துலயும் கேக்குது.

அப்புறம்தான் ஒரு ஞாயித்துக்கிழம பிரவுசர்ல 192.168.1.1 அடிச்சு மோடம் பக்கத்த தொறந்து பாத்தேன். லைன் அட்டென்யுவேஷன், அதாவது வழில சிக்னல் எவ்வளவு குறையுதுங்கறது, 38 டெசிபல், நாய்ஸ் மார்ஜின், அதாவது இரைச்சல தாங்க சிக்னல்ல மிச்சம் இருக்கற தெம்பு, பகல்ல 6, சாயங்காலம் 2, ஒண்ணு, அப்புறம் கட். இந்த ரெண்டு நம்பர்லயே மொத்த கதையும் இருக்கு சார். 38 டெசிபல்னா நீங்க எக்ஸ்சேஞ்ச்ல அனுப்பற சிக்னலோட சக்தில 6000-ல ஒரு பங்குதான் என் வீட்டுக்கு வந்து சேருது. கிலோமீட்டருக்கு சுமார் 13, 14 டெசிபல் குறையும்னு ஒரு கணக்கு இருக்கு, அப்படி பாத்தா கம்பி நீளம் ரெண்டே முக்கால் கிலோமீட்டர் கிட்ட வருது. வண்டில போனா எக்ஸ்சேஞ்ச் அஞ்சு நிமிஷம்தான், ஆனா கேபிள் நம்மள மாதிரி குறுக்கு சந்துல போகாதே, ரோடு ரோடா சுத்திட்டுல்ல வருது.

போன் கம்பிலயே இன்டர்நெட் அனுப்பற ஏடிஎஸ்எல் 2 பிளஸ்ங்கற முறை 2003-ல வந்தது, அதுக்கு 24 எம்பின்னு சொல்றது எக்ஸ்சேஞ்சுக்கு பக்கத்து வீட்டுக்காரனுக்கு. பேச்சு சத்தம் 4 கிலோஹெர்ட்ஸுக்குள்ள அடங்கிடும், அதனாலதான் அஞ்சு கிலோமீட்டர் தள்ளி இருக்கறவங்களுக்கும் போன் நல்லா கேக்குது. பழைய ஏடிஎஸ்எல் 1.1 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் போகும், 2 பிளஸ் 2.2 வரைக்கும் போகும், ஆனா செம்புக்கம்பில அதிர்வெண் ஏற ஏற சிக்னல் சீக்கிரம் செத்துடும், என் தூரத்துக்கு அந்த மேல் பாதி வந்து சேர்றதே இல்ல. 8-ன்னு கட்டிப்போட்டு ஓட்டினப்ப லைன்ல கொஞ்சம் தெம்பு மிச்சம் இருந்துச்சு, சாயங்காலம் அக்கம்பக்கத்துல எல்லா டிவியும் மோட்டாரும் பக்கத்து ஜோடிக்கம்பில ஓடற மத்த மோடமும் சேந்து இரைச்சல் ஏறினாலும் தாங்குச்சு. நீங்க அந்த கட்ட அவுத்து விட்டீங்க, மோடம் பேராசப்பட்டு கடைசி சொட்டு வரைக்கும் இழுத்துச்சு, இரைச்சல் ஏறினதும் விழுந்துச்சு. இத சொல்ல ஒரு இஞ்சினியர் வேணுமா, உங்க டெஸ்ட் மீட்டர் போதுமே?

பதினோராவது கம்ப்ளெயிண்டுக்கு அப்புறம் லைன்மேன் அண்ணா வந்தாரு. வயசு அம்பத்தஞ்சு இருக்கும், தோள்ல ஒரு பழைய ரெக்ஸின் பை, ஒரு டெஸ்ட் போன். வந்தவரு மோடம தொடவே இல்ல. நேரா வெளிய போய் காம்பவுண்ட் சுவத்துல இருக்கற டிபி பாக்ஸ, அதாவது தெருக்கேபிள்லேர்ந்து வீட்டு வயர் பிரியற பொட்டிய, தொறந்தாரு, கதவு துரு பிடிச்சு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, உள்ள ஒரு பல்லி ஓடுச்சு. என் ஜோடில ஒரு கம்பி பச்சையா பூத்துப்போயி இன்சுலேஷன் டேப்புக்குள்ள சும்மா முறுக்கி விட்டிருந்தாங்க. "ஜாயிண்ட் ஹோக்பிட்டிதே சார்"ன்னு (ஜாயிண்ட் போயிடுச்சுன்னு) கன்னடத்துல சொல்லிட்டு பல்லாலயே கம்பிய உரிச்சு புதுசா போட்டாரு. அப்புறம் வீட்டுக்குள்ள வந்து, அம்மா ரூமுக்கு போற எக்ஸ்டென்ஷன் வயர பாத்து தலைல அடிச்சுக்கிட்டாரு, போனையும் நெட்டையும் தனியா பிரிக்கற ஸ்ப்ளிட்டர் டப்பாவுக்கு முன்னாடியே பிரிச்சு இழுத்திருந்தோம் (அந்த வேலைய பண்ணது நான்தான், ஒத்துக்கறேன்). அத ஸ்ப்ளிட்டருக்கு பின்னாடி போன் பக்கம் மாத்தினாரு. இருவது நிமிஷ வேலை. லைன் 13 எம்பில நின்னுச்சு, எக்ஸ்சேஞ்சுக்கு போன் போட்டு மார்ஜின 9-க்கு வைக்க சொன்னாரு, 12-க்கு கொஞ்சம் கீழ இறங்குச்சு, ஆனா அன்னிலேர்ந்து ராத்திரில ஒரு தடவகூட கட் ஆகல. டீ குடிக்கும்போது கேட்டேன், 24 வருமாண்ணான்னு. சிரிச்சாரு. "இந்த லைன்லயா? விக்கறவங்கள கேளுங்க சார்"ன்னாரு.

அதான் உங்கள கேக்கறேன். 24-ன்னு வித்தீங்க, 12 வருது, பில்லு மட்டும் 24-க்கு வருது. கேட்டா "வரைக்கும்"னு போட்டிருக்கோமேங்கறீங்க. 2004 பாலிசில 256 கேபிபிஎஸ் இருந்தாலே பிராட்பேண்டுன்னாங்க, 2023-ல அத 2 எம்பிபிஎஸ்ஸா ஏத்தினாங்க, அந்த கணக்குல நீங்க தப்பே பண்ணல, தெரியும். ஆனா அரை கிலோ அல்வா வாங்கினவனுக்கு கால் கிலோ கட்டி குடுத்துட்டு "அரை கிலோ வரைக்கும்"னு எந்த கடைக்காரனாவது சொல்வானா, சொன்னா கமர்ஷியல் ஸ்ட்ரீட்ல கடை நடத்த முடியுமா?

பிளான் மாத்தறதுக்கு முன்னாடி லைன அளந்துடுங்க சார். அளந்தத கஸ்டமர்கிட்ட நம்பரா சொல்லுங்க, உங்க லைன் 12 தாங்கும், 24-க்கு காசு குடுக்காதீங்கன்னு. மோடம் ஏற்கனவே கனெக்ட் ஆயிருக்கற வீட்டுக்கு ஆளே வர வேண்டாம், எவ்வளவு தாங்கும்ங்கறது உங்க எக்ஸ்சேஞ்ச் கம்ப்யூட்டர்லயே தெரியும். தாங்காதவன் பழைய பிளானுக்கு திரும்பினா அதுக்கு ஒரு சார்ஜ் போடறத விடுங்க, எங்கிட்ட கேட்டாங்க அத.

நெஜமாவே வேகம் தரணும்னா வழி எங்க தெரு முனைலயே நிக்குது, உங்க பச்சை கலர் பில்லர், தெருக்கேபிள் எல்லாம் வந்து சேர்ற பொட்டி, அதுமேல எப்பவும் யாராவது போஸ்டர் ஒட்டியிருப்பாங்க. அங்கேர்ந்து என் வீடு 300 மீட்டர்தான். அதுவரைக்கும் பைபர் இழுத்து, பில்லர்ல ஏடிஎஸ்எல்லவிட வேகமான விடிஎஸ்எல் 2 பொட்டி ஒண்ணு வச்சா, மிச்ச 300 மீட்டர் இதே பழைய கம்பிலயே 50 எம்பிக்கு மேல எதிர்பாக்கலாம், ஏன்னா அது 17 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் பயன்படுத்தும், கிட்டத்துல இருந்தா அது செத்துப்போகாது. வீட்டுக்குள்ள பைபர் இழுக்க எங்க ஓனர் சுவத்துல ஒரு ஓட்டை போட விட மாட்டாரு, இந்த முறைல சுவத்த தொடவே வேண்டாம். பில்லருக்கு கரண்ட் வேணும், பேட்டரி வேணும், பேட்டரிய எவனாவது கழட்டிட்டு போயிடுவான்னு நீங்க யோசிப்பீங்க, அது நியாயமான கவலைதான், இந்த ஊர்ல கரண்ட் போற அழகு எங்களுக்கும் தெரியும். எங்க சந்துல மட்டும் உங்க லேண்ட்லைன் 14 வீட்ல இருக்கு, கேட்டுப் பாத்தேன், பாதிப்பேர் இதுக்கு மாற ரெடி.

எனக்கு இப்போதைக்கு பிளான பழைய 8-க்கு கூட இறக்க வேண்டாம், 12 வருதுல்ல, 12-க்கான காசு மட்டும் வாங்குங்க, ஆடிலேர்ந்து கூட வாங்கினத அடுத்த பில்லுல கழிச்சிடுங்க. கம்ப்ளெயிண்ட் நம்பர் பதினொண்ணும் எழுதி வச்சிருக்கேன். நம்பர மட்டும் மாத்திடாதீங்க, வேலூர்ல இருக்கற சித்திக்கு எங்க வீட்டு லேண்ட்லைன் ஒண்ணுதான் மனப்பாடமா தெரியும். ஆள் அனுப்பறதா இருந்தா மதியம் ரெண்டு மணிக்கு மேல அனுப்புங்க, அதுக்கு முன்னாடி அம்மா தூங்குவாங்க, பெல் அடிச்சா தொறக்க மாட்டாங்க. அந்த பழைய லைன்மேன் அண்ணாவே வந்தா நல்லது.