சின்னவ ஸ்கூல் பத்திக் கேட்டியே

அடியே,

உன் மெசேஜ் வந்து பத்து நாள் ஆச்சு, ரெண்டு வரில பதில் போட மனசு வரல, அதான் ஞாயித்துக்கிழம மத்தியானம் எல்லாரும் தூங்குற நேரமா பாத்து உக்காந்திருக்கேன். அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு படிச்சதும்தான் மூச்சே வந்துச்சு, கொஞ்ச நாளைக்கு மாடிப்படி மட்டும் ஏற விடாத. இங்க அமெரிக்கால, அரிசோனா மாநிலத்து சாண்ட்லர்ல வெயில் இன்னும் எறங்கல, சாயங்காலம் ஏழு மணிக்கும் தரை சுடுது.

நீ கேட்டத யோசிச்சுட்டே இருந்தேன். ஸ்கேலால அடி வாங்கி அழுதுட்டே வீட்டுக்குப் போனவ நீ, இப்ப உன் பொண்ண யூனிஃபார்ம் போட்டு வரிசைல உக்கார வெச்சு கோரஸா ஒப்பிக்க வெக்கிற ஸ்கூல்ல ஏன்டி சேத்தன்னு கேட்ட. நியாயமான கேள்வி. என் வீட்டுக்காரரும் மொதல்ல இதயேதான் கேட்டாரு.

சின்னவ படிக்கிறது ஒரு சார்ட்டர் ஸ்கூல், அப்படின்னா என்னன்னு மொதல்ல சொல்லிடறேன். நம்ம ஊரு எய்டட் ஸ்கூல் இருக்குல்ல, கிட்டத்தட்ட அந்த மாதிரி, காசு அரசாங்கத்துது, நடத்துறது வேற ஆளுங்க. ஃபீஸ் கிடையாது, என்ட்ரன்ஸ் வெச்சு பசங்கள பொறுக்கி எடுக்கவும் கூடாது, சீட்ட விட அப்ளிகேஷன் அதிகமா வந்தா குலுக்கல்தான். 1991ல மினசோட்டா மாநிலத்துல இதுக்கு மொத சட்டம் வந்துச்சு, எங்க அரிசோனால 1994ல. இங்க 15 வருஷத்துக்கு ஒப்பந்தம் போடுறாங்க, ஸ்கூல் சரியா நடக்கலன்னா அதுக்கு நடுவுலயே புடுங்கவும் முடியும். எப்படி சொல்லிக்கொடுக்கணும்ங்கறது அவங்கவங்க இஷ்டம், அதனால ஒண்ணுல ஆர்ட்ஸ், ஒண்ணுல சயின்ஸ், எங்களுது மாதிரி சிலதுல "ட்ரெடிஷனல்". அதாவது டீச்சர் முன்னாடி நின்னு பாடம் நடத்துவாங்க, பசங்க எல்லாரும் அவங்களப் பாத்து உக்காந்திருப்பாங்க, தினமும் ஹோம்வொர்க், கையெழுத்துக்குன்னு தனி நேரம்.

பேரன்ட்ஸ் கிளாஸ்ல பின்னாடி உக்காந்து பாக்கலாம்னாங்க, போனேன். டீச்சர் ஒவ்வொரு கார்டா தூக்கிக் காட்டுறாங்க, ஒரு கார்டுல ஓ யூ ஜி எச்னு நாலு எழுத்து, பசங்க எல்லாரும் சேந்து ஆறு சவுண்ட் சொல்றாங்க. தோ (though), த்ரூ (through), ரஃப் (rough), காஃப் (cough), தாட் (thought), பவ் (bough), இந்த ஆறு வார்த்தையிலயும் அதே நாலு எழுத்துதான், சத்தம் மட்டும் ஆறு. எனக்கு அப்படியே கண்ணுல தண்ணி வந்துடுச்சுடி. ஞாபகம் இருக்கா, ஆறாவதுல த்ரூவையும் தோவையும் மாத்தி எழுதினதுக்கு நான் வெளிய முட்டி போட்டு நின்னேன், நீ ஜன்னல் வழியா பாத்துட்டே இருந்த. ஏன் அப்படி எழுதணும்னு அன்னிக்கு ஒருத்தரும் சொல்லல, மனப்பாடம் பண்ணு, தப்பானா அடி, அவ்வளவுதான். இங்க ஆறு வயசுப் புள்ளைக்கு அதத் தட்டுல வெச்சுக் குடுக்குறாங்க.

இதுக்குப் பேரு ஸ்பால்டிங் முறை. ரொமால்டா ஸ்பால்டிங்னு ஒரு டீச்சர், ஆர்ட்டன்னு ஒரு நரம்பு டாக்டர்கிட்ட கத்துக்கிட்டு 1957ல புத்தகமா போட்டாங்க. மொத்தம் 70 கார்டு. வார்த்தைய டீச்சர் சொன்னதும் புள்ளைங்க அசை அசையா பிரிச்சு சொல்லி எழுதி, ரெண்டு எழுத்து சேந்து ஒரே சத்தம் வந்தா அடியில கோடு போட்டு, அந்த எழுத்தோட எத்தனாவது சவுண்டோ அந்த நம்பர மேல குட்டியா போடணும். எழுத்து எழுதறதுக்குக் கூட கணக்கு இருக்கு, வட்டமா வர எழுத்த கடிகாரத்துல ரெண்டு மணி இருக்குற எடத்துலதான் ஆரம்பிக்கணும்.

மேத்ஸுக்கு சாக்ஸன். ஏர்ஃபோர்ஸ்ல இருந்து ரிட்டயர் ஆன ஜான் சாக்ஸன்ங்கறவரு காலேஜ்ல அல்ஜீப்ரா எடுக்கும்போது, பசங்க போன மாசம் படிச்சத இந்த மாசம் மறக்கறதப் பாத்து எழுதினது. ஒரு பாடத்துல புதுசா கொஞ்சூண்டுதான் வரும், அப்புறம் வர கணக்குல முக்காவாசி பழைய பாடத்துது. சின்னவளுக்கு கொஞ்சம் போர் அடிக்குதுதான், ஆனா மறக்க மாட்டேங்குறா.

நான் அன்னிக்குப் பயந்தது வரிசையப் பாத்தோ யூனிஃபார்மப் பாத்தோ இல்லடி. அடுத்து என்ன நடக்கும், எதுக்கு அடி விழும்னு தெரியாம உக்காந்திருந்தோமே, அதுக்குத்தான். இங்க சின்னவளுக்கு காலைல எட்டு மணிக்கு என்ன, ஒன்பது மணிக்கு என்ன, தப்பு பண்ணினா எப்படித் திருத்தணும், எல்லாம் தெரியும். டீச்சரும் அதே கட்டுக்குள்ளதான் இருக்காங்க, மூட் சரியில்லன்னு கார்டத் தாண்டிப் போக முடியாது. கூச்ச சுபாவம் உள்ள புள்ளைக்கு இது பெரிய தெம்பு.

எல்லாருக்கும் ஒத்து வருதுன்னு சொல்ல மாட்டேன். பக்கத்து வீட்டுப் பையன் கெட்டிக்காரன், ஆனா ஒரு நிமிஷம் உக்கார முடியாது, தினம் டைரில சிவப்பு எழுத்து. இந்த மாதிரி புள்ளைக்குத் தேவையான உதவிய சார்ட்டரும் செய்யணும்னு சட்டமே இருக்கு. ஆனா அவங்கம்மா ஒவ்வொரு தடவையும் போய்க் கேட்டுக் கேட்டு ஓஞ்சு போய், கடைசில அரசாங்கமே நடத்துற நார்மல் பப்ளிக் ஸ்கூலுக்கு மாத்திட்டாங்க. அவங்க கண்ணுல தெரிஞ்ச வலிய நான் மறக்க மாட்டேன். இன்னொண்ணு, எங்க ஸ்கூலுக்கு பஸ் கிடையாது. எனக்கு ஆபீஸ்ல நேரம் மாத்திக் குடுத்தாங்க, ரெண்டு வேலை பாக்குற வீட்டுல யாரு மூணு மணிக்கு கார் வரிசைல வந்து நிப்பாங்க? ஃபீஸ் இல்லாத ஸ்கூல்னு பேரு, ஆனா கார் இல்லாதவங்க புள்ளைக்கு வழி இல்ல. இத பேரன்ட்ஸ் மீட்டிங்ல எழுந்து சொன்னேன், இன்னும் சொல்லுவேன்.

உன் கிளாஸ் பத்தி விவரமா எழுதுடி. தமிழ்நாட்டு அரசோட எண்ணும் எழுத்தும் திட்டத்துல பசங்கள அவங்க படிக்கிற அளவ வெச்சு அரும்பு, மொட்டு, மலர்னு பிரிச்சு ஒரே ரூம்ல மூணு விதமா சொல்லிக்கொடுக்குறியே, இங்க எல்லாருக்கும் ஒரே பாடம், அத நீ எப்படி சமாளிக்கிறன்னு எனக்குத் தெரிஞ்சுக்கணும்.

அப்புறம் ஒரு சந்தேகம், நீதான் தீத்து வெக்கணும். நேத்து சின்னவளுக்குத் தமிழ் எழுத வெச்சேன், கல், பகல், தங்கம். அவ பாட்டுக்கு ஒவ்வொரு க மேலயும் 1, 3, 2ன்னு நம்பர் போட்டுட்டு, "க-வுக்கு மூணு சவுண்டாம்மா, இன்னும் இருக்கா?"ன்னு கேக்குறா. இத்தன வருஷமா எழுதறேன், நான் எண்ணிப் பாத்ததே இல்ல. உன் பசங்க கேட்டா நீ என்ன சொல்லுவ?

உன் பழைய பெஞ்ச்மேட்